கத்ரீனா சூறாவளி: காற்றின் எண்ணும் நீரின் உயரமும்

"ஐந்தாம் வகைச் சூறாவளி ஒன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைத் தாக்கி அழித்தது" என்று ஒரே வாக்கியத்தில் கத்ரீனாவைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2005 ஆகஸ்டு 29 அன்று அமெரிக்காவின் தென்கரையில் நடந்ததை அந்த வாக்கியம் பெருமளவுக்குத் திரித்துவிடுகிறது. காற்றின் வேகத்தை வைத்துச் சூறாவளிகளை 1 முதல் 5 வரை வகைப்படுத்துகிறார்கள். கரையைக் கடந்தபோது கத்ரீனா ஐந்தாம் வகையில் இல்லை. அதன் மையம் நியூ ஆர்லியன்ஸ் மீது செல்லவும் இல்லை, நகரத்துக்குக் கிழக்கே கடந்து சென்றது. நகரத்தை மூழ்கடித்ததும் காற்று அன்று. அந்நகரைக் காப்பதற்கென்றே கட்டப்பட்ட சுவர்கள் உடைந்து உள்ளே புகுந்த நீர்தான். இந்த வேறுபாடுகள் வல்லுநர்களுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் சூறாவளியின் வகை எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வீட்டிலேயே தங்க முடிவெடுத்தவர்கள் பலர் அன்று உயிரிழந்தார்கள். ஆகவே அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## சூறாவளி எப்படி உருவாகிறது?

அட்லாண்டிக் பெருங்கடலில் ஹரிக்கேன் என்று அழைக்கப்படுவதும் வங்கக் கடலில் நாம் புயல் என்று அழைப்பதும் ஒரே இயற்கை நிகழ்வுதான். கடலின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது பெருமளவு நீர் ஆவியாகி மேலெழுகிறது. உயரே சென்று குளிர்ந்ததும் அந்த நீராவி மீண்டும் நீர்த்துளிகளாகிறது. அப்போது, தான் ஆவியாகும்போது உள்வாங்கிய வெப்பத்தை அது வெளிவிடுகிறது. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இன்னும் வேகமாக மேலே தூக்குகிறது, அதனால் கீழே காற்றழுத்தம் குறைகிறது, குறைந்த அழுத்தத்தை நோக்கி நாலாபுறமிருந்தும் காற்று பாய்கிறது. பூமியின் சுழற்சியால் அந்தக் காற்று நேராக மையத்தை அடையாமல் வளைந்து சுழலத் தொடங்குகிறது. வட அரைக்கோளத்தில் இந்தச் சுழற்சி எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இருக்கும். இந்தத் திசை பின்னால் தேவைப்படும் என்பதால் நினைவில் கொள்க.

கத்ரீனாவின் பிறப்பும் இவ்வாறே நிகழ்ந்தது. 2005 ஆகஸ்டு 23 அன்று பஹாமாஸ் தீவுகளின் தென்கிழக்குப் பகுதியில் ஒரு தாழ்வு மண்டலமாக உருவாகி, மறுநாள் பெயர் பெற்று, 25ஆம் தேதி ஃபுளோரிடாவின் தென்கரையை முதல் வகைச் சூறாவளியாகக் கடந்தது. அங்கேயே உயிர்ச்சேதம் ஏற்பட்டது. நிலத்தைக் கடந்ததில் சற்றுத் தளர்ந்த அது மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்தபோது, கரீபியன் கடலின் வெதுவெதுப்பான நீரை ஆழம்வரை சுமந்துவரும் லூப் நீரோட்டம் அதன் பாதையில் இருந்தது. பொதுவாகச் சூறாவளி கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து அதன் வலிமையைக் குறைக்கும். வெப்பம் ஆழம்வரை இருக்குமிடத்தில் அந்தத் தடை வேலை செய்வதில்லை. ஆகஸ்டு 28 அன்று கத்ரீனாவின் காற்று மணிக்கு சுமார் 280 கிலோமீட்டரை எட்டியது. மைய அழுத்தம் 902 மில்லிபாராகக் குறைந்தது. ஐந்தாம் வகை என்ற பேச்சு இந்த நாளிலிருந்து வந்ததே. மறுநாள் காலை ஆறு மணியளவில், நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் புராஸ் என்ற ஊருக்கு அருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டராகத் தணிந்திருந்தது. அது மூன்றாம் வகை.

## வகை எண் எதை அளக்கிறது?

ஹெர்பர்ட் சாஃபிர் என்ற பொறியாளரும் ராபர்ட் சிம்ப்சன் என்ற வானிலை அறிஞரும் 1970களின் தொடக்கத்தில் வகுத்ததுதான் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல். ஒரு நிமிட நேரத்துக்குச் சராசரியாக நிலைத்து வீசும் காற்றின் வேகத்தை வைத்து அது சூறாவளிகளை 1 முதல் 5 வரை பிரிக்கிறது. மணிக்கு 119 கிலோமீட்டர் முதல் வகையின் தொடக்கம். 252 கிலோமீட்டரைத் தாண்டினால் ஐந்தாம் வகை. சாஃபிர் கட்டுமானப் பொறியாளர் என்பதால், எந்தக் காற்றில் எந்தக் கட்டடம் என்ன ஆகும் என்பதே அவருடைய அடிப்படைக் கேள்வியாக இருந்தது, அந்தக் கேள்விக்கு இந்த அளவுகோல் நன்றாகவே விடை தருகிறது.

ஆனால் இந்த எண் சூறாவளியின் பரப்பைச் சொல்வதில்லை. மழையின் அளவைச் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் எவ்வளவு உயரும் என்பதைச் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு வகைக்கும் நேராகக் கடல் எழுச்சியின் உயரமும் அழுத்தமும் குறிப்பிடப்பட்டிருந்தன. உண்மைச் சூறாவளிகள் அந்த அட்டவணைக்கு அடங்கவில்லை. 2008இல் இரண்டாம் வகையாக மட்டுமே டெக்சாஸைத் தாக்கிய ஐக் சூறாவளி கரையோரக் குடியிருப்புகளைக் கடல்நீரால் துடைத்தெறிந்தது. கத்ரீனா, ஐக் போன்ற அனுபவங்களுக்குப் பிறகு, 2010இல் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் அந்தப் பகுதிகளை நீக்கி, அளவுகோலைக் காற்றுக்கு மட்டும் உரியதாக்கியது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இருந்தும் தொலைக்காட்சியில் அந்த எண்ணே இன்றும் முதலில் ஒலிக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: வகை எண் காற்றின் வேகத்தை மட்டும் குறிக்கிறது. கத்ரீனா கடலில் இருந்தபோது ஐந்தாம் வகையாகவும், கரையைக் கடந்தபோது மூன்றாம் வகையாகவும் இருந்தது.

## கடல் ஏன் எழுகிறது?

அகலமான தாம்பாளம் ஒன்றில் சிறிதளவு நீர் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து விசிறியால் விடாமல் வீசினால், நீர் எதிர் விளிம்பை நோக்கி ஒதுங்கி அங்கே மட்டம் உயர்வதைக் காணலாம். தாம்பாளத்துக்குப் பதிலாக ஆழமான அண்டாவில் இதைச் செய்தால் மட்டம் அவ்வளவாக உயராது. மேலே தள்ளப்படும் நீர் அடியாகத் திரும்பி வந்துவிடும். சூறாவளி கரையை நெருங்கும்போது நிகழ்வதும் இதுவே. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீருக்குத் திரும்பிச் செல்ல வழி உண்டு. கடலடி படிப்படியாக மேடேறும் ஆழமற்ற கரையோரத்தில் அந்த வழி அடைபட்டுவிடுவதால் நீர் கரைமீது ஏறுகிறது. வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல் சூறாவளியால் கடல்மட்டம் இவ்வாறு உயர்வதற்குப் புயல் எழுச்சி என்று பெயர்.

சூறாவளியின் மையத்திலுள்ள குறைந்த அழுத்தம் நீரை மேலே உறிஞ்சுவதால்தான் கடல் உயர்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் சிறிதளவு உண்மை உண்டு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கத்ரீனா கரையைக் கடந்தபோது மைய அழுத்தம் 920 மில்லிபார். இயல்பான அழுத்தம் சுமார் 1013 மில்லிபார். அப்படியானால் அழுத்தத்தால் மட்டும் உயரக்கூடியது ஒரு மீட்டருக்கும் குறைவு. மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியன் நகரில் அன்று பதிவான உயரமோ சுமார் 8.5 மீட்டர். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி காற்று தள்ளிக்கொண்டு வந்த நீர். அதன்மேல் அலைகளின் பங்கும் சேர்ந்தது.

மூன்றாம் வகைக்குத் தணிந்துவிட்ட சூறாவளியால் இது எப்படி முடிந்தது? முதல் காரணம் அதன் பரப்பு. உச்சநிலையில் கத்ரீனாவின் சூறாவளி வேகக் காற்று மையத்திலிருந்து சுமார் 165 கிலோமீட்டர் தொலைவுவரை பரவியிருந்தது. கரையைக் கடந்தபோதும் கிழக்குப் பக்கத்தில் சுமார் 140 கிலோமீட்டர்வரை அந்த வேகம் இருந்தது. அவ்வளவு அகலமான கடற்பரப்பு முழுவதும் மணிக்கணக்கில் ஒரே திசையில் தள்ளப்பட்டது. இரண்டாவதாக, முந்தைய நாள் ஐந்தாம் வகையாக இருந்தபோது எழுப்பிய பேரலைகளும் திரட்டிய நீரும், காற்று தணிந்த அந்தச் சில மணி நேரத்தில் அடங்கிவிடவில்லை. மூன்றாவது காரணம் மிசிசிப்பிக் கரைக்கு முன்னுள்ள ஆழமற்ற கடல். இவற்றோடு சுழற்சியின் திசையும் சேர்ந்துகொண்டது. எதிர்க்கடிகாரத் திசையில் சுழலும் சூறாவளி வடக்கு நோக்கி நகரும்போது, அதன் கிழக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். மிசிசிப்பிக் கரை அந்தக் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. நீர் பல இடங்களில் பத்து கிலோமீட்டர்வரை உள்நாட்டில் புகுந்தது. ஆறுகளையும் விரிகுடாக்களையும் ஒட்டி அதைப்போல் இரு மடங்கு தொலைவுவரை சென்றது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். அது நகர்ந்து வந்து மோதும்போது வீட்டின் அடித்தளம் மட்டும் எஞ்சுவதில் வியப்பில்லை.

இங்கே ஒரு பழைய சூறாவளியை நினைவுகூர வேண்டும். 1969 ஆகஸ்டில் கமீல் என்ற ஐந்தாம் வகைச் சூறாவளி இதே மிசிசிப்பிக் கரையைத் தாக்கியது. காற்றின் வேகத்தில் அது கத்ரீனாவைவிட மிகக் கடுமையானது. ஆனால் பரப்பில் மிகச் சிறியது. அதன் புயல் எழுச்சியும் 7 மீட்டரைத் தாண்டியது என்றாலும், கத்ரீனாவைப்போல் நெடுந்தொலைவுக் கரையை அது மூழ்கடிக்கவில்லை. கமீலில் நீர் ஏறாத வீடு எந்தச் சூறாவளியிலும் பாதுகாப்பானது என்று அப்பகுதி மக்கள் முப்பத்தாறு ஆண்டுகள் நம்பினார்கள். ஐந்தாம் வகையைக் கண்டவர்களுக்கு மூன்றாம் வகையோ நான்காம் வகையோ பெரிதாகத் தோன்றவில்லை. அந்த நம்பிக்கையில் தங்கியவர்களில் பலர் பிழைக்கவில்லை. கமீல் 1969இல் கொன்றவர்களைவிட 2005இல் கொன்றவர்களே அதிகம் என்று அந்தக் கரையில் பின்னர் சொல்லப்பட்டது.

## நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது ஏன்?

சூறாவளியின் மேற்குப் பக்கத்தில் இருந்த நியூ ஆர்லியன்ஸின் கதை வேறு. நகரத்தின் பெரும்பகுதியில் அன்று வீசிய காற்று முதல் அல்லது இரண்டாம் வகைக்கு உரிய வேகத்திலேயே இருந்திருக்கும் என்பது தேசியச் சூறாவளி மையத்தின் மதிப்பீடு. கூரைகள் பெயர்ந்தன, மரங்கள் விழுந்தன, மின்சாரம் போயிற்று. அத்தோடு நின்றிருந்தால் சில வாரங்களில் நகரம் மீண்டிருக்கும். முதல் நாள் வெளியான பல செய்திகளும் நகரம் தப்பிவிட்டதாகவே கூறின.

அந்நகரின் நில அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். தெற்கே மிசிசிப்பி ஆறு, வடக்கே பான்சார்ட்ரைன் ஏரி, கிழக்கே கடலோடு தொடர்புள்ள போர்ன் ஏரி. நகரின் ஏறத்தாழப் பாதி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆற்றங்கரை மேட்டில் தொடங்கிய நகரம், இருபதாம் நூற்றாண்டில் சதுப்பு நிலங்களை வடித்து விரிந்தது. ஈரம் வற்றிய அந்த மண் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்ததால் மழைநீர் தானாக வடிய வழியின்றிப் போனது. எனவே நகரத்துக்குள் பெய்யும் மழையைப் பம்புகளால் இறைத்து, கால்வாய்கள் வழியாக வடக்கிலுள்ள ஏரியில் சேர்க்கிறார்கள். கால்வாய்களின் இரு மருங்கிலும் மண் கரைகளும், அவற்றின்மேல் எஃகுத் தகடுகளை நிலத்தில் அறைந்து எழுப்பிய கான்கிரீட் தடுப்புச் சுவர்களும் நின்றன. 1965இல் பெட்சி சூறாவளி நகரத்தை மூழ்கடித்த பிறகு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆணைப்படி ராணுவப் பொறியாளர் படை கட்டத் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம் இது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் 2005இல் அது முடிவடைந்திருக்கவில்லை.

ஆகஸ்டு 29 காலையில் நீர் இரு திசைகளிலிருந்து வந்தது. முதலில் கிழக்கிலிருந்து வீசிய காற்று போர்ன் ஏரிப் பக்கத்திலிருந்து எழுச்சியைத் தள்ளியது. கிழக்குப் புறக் கரைகளில் சில பகுதிகள் எளிதில் அரிக்கப்படும் மணலாலும் வண்டலாலும் ஆனவை. நீர் அவற்றின் மேலேறி அரித்துக் கரைத்தது. கப்பல் போக்குவரத்துக்கான தொழிற்கால்வாய் என்ற கால்வாயின் சுவர் காலை எட்டு மணிக்கு முன்பே உடைந்து, லோயர் நைன்த் வார்டு என்ற குடியிருப்பின்மீது நீர் பாய்ந்து வீடுகளை அடித்தளத்திலிருந்து பெயர்த்தது. பின்னர் சூறாவளி வடக்கே நகர்ந்ததும் காற்று வடக்கிலிருந்து வீசி, பான்சார்ட்ரைன் ஏரியின் நீரைத் தெற்கே நகரத்தின் பக்கம் தள்ளியது. அந்த நீர் பதினேழாம் தெருக் கால்வாய்க்குள்ளும் லண்டன் அவென்யூ கால்வாய்க்குள்ளும் ஏறியது.

இந்த இரண்டு கால்வாய்களிலும் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் தருவது. அங்கே நீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. நீரின் அழுத்தத்தால் சுவர் சற்றே வெளிப்புறமாகச் சாய்ந்தது. சுவருக்கும் அதைத் தாங்கும் மண்ணுக்கும் இடையே ஒரு பிளவு விழுந்தது. அந்தப் பிளவுக்குள் நீர் இறங்கி, ஆழத்திலிருந்தே சுவரைத் தள்ளியது. பதினேழாம் தெருக் கால்வாயில் அடியிலிருந்த வலுவற்ற களிமண் அடுக்கு வழுக்கி, சுமார் 140 மீட்டர் நீளத்துக்குச் சுவர் கரையோடு நகர்ந்துவிட்டது. லண்டன் அவென்யூவில் அடிமணலின் ஊடே நீர் ஊறிக் கரையைத் தளர்த்தியது. இப்படிப் பிளவு விழக்கூடும் என்பதை அதே பொறியாளர் படை 1980களில் நடத்திய ஒரு கள ஆய்வே காட்டியிருந்தும், வடிவமைப்பில் அது கணக்கில் கொள்ளப்படவில்லை. தொழிற்கால்வாய்ப் பகுதியிலோ, நிலம் தாழ்ந்ததாலும் உயரத்தை அளக்க அடிப்படையாகக் கொண்ட கடல்மட்டக் குறியீட்டில் இருந்த பிழையாலும் சுவர்கள் திட்டமிட்டதைவிட அரை மீட்டருக்கும் மேல் தாழ்வாக நின்றன.

மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட உடைப்புகள். நகரப் பரப்பில் சுமார் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஏரிமட்டமும் நகருக்குள் நின்ற நீர்மட்டமும் சமமாகும்வரை நீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. பம்புகள் பல செயலிழந்திருந்தன. முழுவதையும் இறைத்து வெளியேற்ற அக்டோபர் நடுப்பகுதி நெருங்கிவிட்டது. 2006 ஜூனில் பொறியாளர் படையின் தலைவராக இருந்த ஜெனரல் கார்ல் ஸ்ட்ராக் வடிவமைப்புத் தவறுகளுக்குப் பொறுப்பேற்றார். படை அமைத்த ஆய்வுக் குழுவின் அறிக்கை, அங்கிருந்தது பெயரளவுக்கு மட்டுமே ஓர் அமைப்பு என்று எழுதியது. ஆனால் வெள்ளத் தடுப்புப் பணிகளுக்காகக் கூட்டரசின்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி 1928ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததால், கால்வாய்ச் சுவர்கள் உடைந்து வீடிழந்தவர்களுக்கு நீதிமன்றத்தில் இழப்பீடு கிடைக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், மிசிசிப்பிக் கரையை அழித்தது புயல் எழுச்சி. நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது புயல் எழுச்சியைத் தடுத்திருக்க வேண்டிய சுவர்களின் வீழ்ச்சி. இரண்டையும் காற்றின் எண்ணால் விளக்க முடியாது.

## இறந்தவர்களின் எண்ணிக்கை ஏன் மாறுபடுகிறது?

பல ஆண்டுகளாக 1,833 என்ற எண்ணே எழுதப்பட்டு வந்தது. 2023இல் தேசியச் சூறாவளி மையம் அதை 1,392 எனத் திருத்தியது. நீரில் மூழ்கியோ இடிபாட்டில் சிக்கியோ இறப்பது நேரடி மரணம். வெளியேறும் வழியில் இறப்பதும், மருந்தோ மின்சாரமோ கிடைக்காமல் இறப்பதும் மறைமுக மரணம். திருத்தப்பட்ட கணக்கில் 520 பேர் நேரடியாகவும் 565 பேர் மறைமுகமாகவும் இறந்தவர்கள்; 307 பேரைப் பற்றி அவ்வாறு பிரிக்க இயலவில்லை. எண்ணிக்கை குறைந்ததால் துயரம் குறைந்துவிட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது.

லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். ஆகஸ்டு 28 அன்று மேயர் ரே நேகின் கட்டாய வெளியேற்றத்துக்கு ஆணையிட்டார். நகரிலும் சுற்றுப்புறத்திலுமிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினர். அந்த அளவில் அது வெற்றியே. ஆனால் அந்தத் திட்டம் சொந்தக் கார் வைத்திருப்பவர்களை எண்ணி வகுக்கப்பட்டது. கார் இல்லாதவர்கள், முதியவர்கள், நோயாளிகள் என்று பல்லாயிரவர் எஞ்சினர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பினத்தவர். சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் உணவும் குடிநீரும் போதாமல் அவர்கள் நாட்கணக்கில் காத்திருந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கூட்டரசின் கடலோரக் காவல் படை மட்டும் 33,000க்கும் மேற்பட்டோரை மீட்டது. அதே அரசின் பேரிடர் மேலாண்மை முகமையோ தாமதமாகவும் குழப்பமாகவும் செயல்பட்டது. அதன் தலைவர் செப்டம்பர் 12 அன்று பதவி விலகினார்.

பொருள் இழப்பு 12,500 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. இதிலும் காற்றா நீரா என்ற கேள்வி வந்து நின்றது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு காற்றால் விளையும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும். வெள்ளத்துக்கு அரசின் தனித் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அடித்தளம் மட்டுமே எஞ்சிய மிசிசிப்பி வீடுகளில், கூரையைக் காற்று பிய்த்தெறிந்த பிறகு நீர் வந்ததா, வீட்டை நீரே கொண்டுபோனதா என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? அந்த ஒரு கேள்வியின்மேல் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 4.85 லட்சமாக இருந்த நியூ ஆர்லியன்ஸின் மக்கள்தொகை, 2010இல் சுமார் 3.44 லட்சமாக இருந்தது.

## புதிய சுவர்களும் "நூறாண்டு" பாதுகாப்பும்

கத்ரீனாவுக்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலர் செலவில் நகரத்தைச் சுற்றிப் புதிய பாதுகாப்பு அமைப்பு கட்டப்பட்டது. போர்ன் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத் தடுப்பரண் எழுந்தது. ஏரிநீர் வடிகால் கால்வாய்களுக்குள் ஏறாதபடி அவற்றின் வாயில்களில் மதகுகளும் பம்புகளும் அமைக்கப்பட்டன. புயல் எழுச்சிக்கெனத் தனி எச்சரிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. காற்றுக்கு ஓர் எச்சரிக்கையும் நீருக்கு வேறோர் எச்சரிக்கையும் என்ற இந்தப் பிரிவினை, கத்ரீனா போன்ற சூறாவளிகள் கற்பித்தவற்றுள் மிகப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

இந்த அமைப்பு நூறாண்டு அளவிலான எழுச்சியைத் தாங்கும் என்று சொல்லப்படுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் அத்தகைய எழுச்சி வரும் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. எந்த ஓர் ஆண்டிலும் அது நிகழ ஒரு விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கி அங்கே குடியேறும் ஒரு குடும்பம், கடனை அடைத்து முடிப்பதற்குள் ஒருமுறையாவது அதைச் சந்திக்க ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது.

2021இல், அதே ஆகஸ்டு 29 அன்று, ஐடா சூறாவளி மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு நான்காம் வகையாக லூசியானாவைத் தாக்கியது. கத்ரீனாவைவிட உயர்ந்த எண். ஆனால் நியூ ஆர்லியன்ஸின் புதிய சுவர்கள் நின்றன, நகரம் மூழ்கவில்லை. பாதுகாப்பு அமைப்புக்கு வெளியே இருந்த லாபிளேஸ் என்ற ஊர் வெள்ளத்தில் சிக்கியது. நகரத்துக்குள் மின்கம்பிகள் அறுந்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோது கடும் வெப்பத்தால் பலர், பெரும்பாலும் முதியவர்கள், இறந்தார்கள். சுவர்களின் அடியிலுள்ள மண்ணோ தொடர்ந்து தாழ்கிறது, கடல்மட்டம் உயர்கிறது. கரைகளை அவ்வப்போது உயர்த்தாவிட்டால் 2023 அளவிலேயே அவை உரிய பாதுகாப்பைத் தராமல் போகக்கூடும் என்று ராணுவப் பொறியாளர் படை 2019இல் அறிவித்தது. இப்போது அவற்றை உயர்த்தும் வேலைக்கு நிதி ஒதுக்குவது ஒவ்வொரு பத்தாண்டிலும் மீண்டும் வரப்போகும் செலவு.